பக்கத்து வீட்டுக்காரியின் கேள்விகள்

ஜூன் 12

அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பஸ் குலுக்கிய குலுக்கலில் எலும்பெல்லாம் இடம் மாறியிருக்கும் என்று நினைத்தேன். இறங்கி எண்ணிப் பார்த்ததில் எல்லாம் பத்திரம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் இன்னும் மூட்டை தூக்கப் போகிறாரா, முதுகுவலி குறைந்ததா? போனில் கேட்டால் "எல்லாரும் நல்லாயிருக்கோம், வச்சிடறேன்" என்று வைத்துவிடுவாய். அதோடு, குவாரிக்கு மேலே இருக்கிற இந்த மேட்டில் போன் எடுப்பதும் இல்லை. அதனால் இனி கடிதம்தான். உன் மகளைப் படிக்கச் சொல்லிக் கேள். நீ சொல்ல, அந்த வாயாடியே பதில் எழுதட்டும். வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பாய். இரண்டு அறை, எட்டு வகுப்பு. ஒரு அறை தலைமை ஆசிரியருக்கு, ஒன்று எனக்கு. என் அறையில் நாலு வகுப்பு. நாலு சுவரிலும் கரும்பலகை. ஒவ்வொரு வகுப்பும் ஒரு சுவரைப் பார்த்து, மற்ற வகுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். நான் நடுவில் பம்பரம். ஐந்தாவதுக்குக் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பினால் எட்டாவது ஜன்னலுக்கு வெளியே இருக்கும். தலைமை ஆசிரியர் பாதி நாள் அலுவலகத்துக்குப் போய்விடுவார். அப்போது எட்டு வகுப்பும் என் தலையில்.

ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது அக்கா. நாம் இருவரும் ஒரே பாயில் படுத்தவர்கள். நீ நாலாவதோடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்தாய். நான் காசில்லாத பள்ளிக்கூடத்தில் படித்து மாதச் சம்பளக்காரி ஆனேன். அந்தப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் நானும் இன்று உன் அடுத்த மெஷினில்தான். வாயாடி இந்த வருடம் பத்தாவது. அவள் தேறிவிட்டால் நர்ஸ் படிப்பு, அதற்குமேல் நம் வீட்டில் யாரும் யாருடைய மெஷினுக்கும் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

விரலைப் பார்த்துத் தை.

உன் தங்கை

*

ஜூலை 3

சித்திக்கு வணக்கம். இது நான். அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நடுவில் என் சொந்தச் சரக்கு கலந்தால் பொறுத்துக்கொள்ளவும். இனி அம்மா.

தங்கச்சி, உன் கடிதம் கிடைத்தது. அத்தானின் முதுகு வெயில் அடித்தால் நன்றாக இருக்கிறது, மேகம் போட்டால் மக்கர் பண்ணுகிறது. முழங்கால் பரவாயில்லை. விரலைப் பார்த்துத் தை என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் நாலு நாள் முந்தி வந்திருக்கலாம். காலர் தைத்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். நான் நிமிர்ந்தேன், மெஷின் நிமிரவில்லை. ஊசி லேசாக இறங்கிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறேன். ஒன்றும் பயமில்லை. (லேசாக இல்லை சித்தி. நகத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வந்துவிட்டது. இதை எழுதாதே என்கிறாள்.)

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அவளுக்கும் பத்தாவது படிக்கிற பெண் இருக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து கணக்குக்கு ஆளில்லை. கணக்கு டீச்சரைக் கணக்கெடுப்பு வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். அந்த நேரத்தில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் சாயங்காலம் டியூஷன் போகிறார்கள். அவள் கேட்கிறாள், "அங்க சும்மா உட்கார்றதுக்கு, வேலைக்குப் போனா வீட்டுக்காவது ஆகும்ல? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று. டீச்சரம்மா நீதான் பதில் சொல்ல வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நடுவில் நின்று சுற்றுகிறாயாமே, தலை சுற்றப் போகிறது.

அக்கா

*

ஜூலை 20

அக்காவுக்கு,

விரலை டாக்டரிடம் காட்டினாயா, இல்லை மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வீரம் பேசுகிறாயா? உடனே போ. எனக்கு இங்கே தொண்டை கட்டிவிட்டது. நாலு சுவருக்கும் கேட்க வேண்டுமென்றால் சும்மாவா? மற்றபடி சுகம்.

உன் வீட்டுக்கு ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் சிமெண்டுக் கிடங்கு. புதிதாக எந்தப் பக்கத்தில் வந்தாள் இந்தப் பக்கத்து வீட்டுக்காரி? எங்கிருந்து வந்தாலும் சரி, இதை அவளிடம் சொல்.

டீச்சர் வராவிட்டால் நாலு தாய்மார் சேர்ந்து தலைமை ஆசிரியர் முன்னால் போய் நிற்கச் சொல். ஒருத்தி போனால் விரட்டுவார்கள், நாலு பேர் போனால் நாற்காலி போடுவார்கள். வேலைக்குப் போனால் இன்றைக்குக் காசு, உண்மைதான். ஆனால் பத்து வருடம் கழித்தும் அதே வேலை, அதே காசு. பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அப்பன் சொத்து இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே சொத்து இந்தப் பள்ளிக்கூடம். அதையும் நாமே விட்டுவிட்டால் அப்புறம் யாரைக் குறை சொல்வது? நம்பாவிட்டால் என்னைக் காட்டு.

இங்கே குவாரி வீடுகளில் தினமும் இதைத்தான் சொல்கிறேன். காலையில் முதல் வேலை, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவது. எட்டாவதில் ஒருத்தி இருக்கிறாள், எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள். 'கேள்விக்காரி' என்று பெயர் வைத்துவிட்டேன். கல் உடைக்கிறவளின் மகள். இவள் இந்த வருடம் தேறினால் டவுன் பள்ளிக்கூடத்தில் விடுதியோடு இடம் உண்டு. இவளைப் பார்த்தால் வாயாடி ஞாபகம்தான் வருகிறது.

வாயாடி கணக்கை விடாமல் போட்டுப் பார்க்கட்டும். புரியாததை எழுதி அனுப்பினால் நான் போட்டு அனுப்புகிறேன்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 30

தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். தொண்டைக்கு உப்புத் தண்ணீரில் கொப்பளி. டாக்டரிடம் போனேன். விரல் மடங்கவில்லை, போகப் போகச் சரியாகும் என்றார். போகட்டும் பார்ப்போம்.

பக்கத்து வீடு என்றால் ஒட்டியே இருக்க வேண்டுமா? எதிர்ச் சாரியில்தான் இருக்கிறாள். ஒரு பேச்சுக்குச் சொல்வதுதானே. நீ எழுதியதைச் சொன்னேன். நாலு பேர் போனார்கள். தலைமை ஆசிரியர் நாற்காலி போட்டார், தண்ணீரும் கொடுத்தார். "நான் என்னம்மா செய்றது, மேலே எழுதியிருக்கேன்" என்றார். பாவம், அவரும் நல்ல மனிதர்தான். இன்னும் ஆள் வரவில்லை. கடல் வற்றிக் கருவாடு தின்னலாம் என்று கொக்கு காத்திருந்த கதைதான் இது.

அவள் இன்னொன்று கேட்டாள். "உன் தங்கச்சி ஒருத்தி படிச்சு மேல வந்தா, சரி. அவ கூட அதே வகுப்புல உட்கார்ந்த மத்தவங்க எல்லாம் எங்க? அவளுக்கு ஒரு அக்கா இருந்தா, மெஷின்ல உட்கார்ந்து சோறு போட்டா. என் பொண்ணுக்கு யாரு இருக்கா? உன் தங்கச்சியைத் தூக்கிவிட்டது பள்ளிக்கூடமா, அக்காவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நீ எழுது. அவள் மகளை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறாள்.

வாயாடி நன்றாக இருக்கிறாள். வளர்ந்துவிட்டாள். முன்பு மாதிரி பேச்சு இல்லை.

அக்கா

*

செப்டம்பர் 9

அக்காவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, வாரம் ஒருமுறை காட்டு. விரல் மடங்காமல் மெஷினில் எப்படிச் சமாளிக்கிறாய்? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே.

அந்த அம்மாவை நாலு அறை அறையலாம் போல இருக்கிறது. பத்தாவதில் பாதியில் நிறுத்துவதா? கரை தெரிகிற இடத்தில் வந்து படகைக் கவிழ்ப்பார்களா யாராவது? அவள் கேட்ட இன்னொரு கேள்விக்கு யோசித்து எழுதுகிறேன். இன்றைக்கு ஒரு நல்ல செய்தி.

கேள்விக்காரி பத்து நாளாக வரவில்லை. போய்ப் பார்த்தால் இடுப்பில் தம்பிப் பாப்பா. அம்மா குவாரிக்குப் போனால் பாப்பாவை யார் பார்ப்பது? "பாப்பாவையும் தூக்கிட்டு வா" என்றேன். "வகுப்புல அழுவானே டீச்சர்?" "அழுதா அழட்டும், அங்க ஏற்கெனவே நாலு வகுப்பு அழுதுக்கிட்டுதான் இருக்கு" என்றேன். அவள் அம்மாவே சிரித்துவிட்டாள். இப்போது பாப்பா என் மேஜைக்கடியில் தூங்குகிறான். முழித்தால் சாக்பீஸைத் தின்கிறான். ஆனால் அவள் வருகிறாள். இதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல். மனம் இருந்தால் வழி உண்டு.

ஒரு தொல்லை. அடுத்த வாரத்திலிருந்து என்னையும் கணக்கெடுப்புக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சில வாரங்கள்தான். தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

வாயாடிக்கு ஏன் பேச்சு குறைந்தது? பரீட்சைப் பயமா? ஒரு கணக்குகூட எழுதி அனுப்பவில்லையே.

உன் தங்கை

*

நவம்பர் 2

அக்காவுக்கு,

என் கடிதம் வந்ததா? பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. அத்தானுக்கு முதுகு எப்படி?

சில வாரம் என்றார்கள், ஒன்றரை மாதம் இழுத்துவிட்டார்கள். வீடு வீடாகப் போய், எத்தனை பேர், என்ன வேலை, கூரை ஓடா தகரமா என்று எழுதினேன். இந்தப் பக்கம் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதை எடுத்து எழுதியதும் நான்தான். என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் தனியாக விட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

திரும்பி வந்தால் ஐந்தாவது படிக்கிற பிள்ளைகள் எழுத்துக்கூட்டவே மறந்துவிட்டார்கள். கேள்விக்காரி இல்லை. நான் இல்லாதபோது பாப்பாவை வகுப்பில் யாரும் சேர்க்கவில்லை. இப்போது குவாரியில் அம்மாவோடு ஜல்லி அள்ளுகிறாள். பாப்பா ஜல்லிக் குவியல் நிழலில் கிடக்கிறான். நான் கூப்பிட்டேன். "ஏன் டீச்சர் போனீங்க?" என்று கேட்டாள். என்ன சொல்ல? மேலிடத்து உத்தரவு என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. எனக்கே புரியாததை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

வாயாடி பத்தாவது பரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டாளா? இந்த மாதத்தோடு முடிகிறது. இதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

உன் தங்கை

*

நவம்பர் 25

தங்கச்சி,

நான் சுகம். நீ சுகமா. அத்தான் சுகம்.

இன்று நானே எழுதுகிறேன். அவள் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள். விரல் மடங்கவில்லை. பேனா நிற்க மாட்டேன் என்கிறது.

பரீட்சை எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். கவலைப்படாதே. குளிருக்குப் போர்வை வாங்கு.

பக்கத்து வீட்டுக்காரி அவள் மகளை நிறுத்திவிட்டாள்.

அக்கா

*

டிசம்பர் 5

அக்கா,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. உன் விரல் அப்படி இருக்கையில் நாலு வரி எழுத எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று தெரியும்.

எதிர்ச் சாரியில் வீடே கிடையாது அக்கா. நீ வேலை பார்க்கிற கம்பெனியின் மதில் சுவர்தான் தெருக் கோடி வரை. நான் அந்தத் தெருவில் வளர்ந்தவள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்தது.

அவளை எப்போது நிறுத்தினாய்? ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை? என் சம்பளத்தில் பாதியை அனுப்புகிறேன், முழுசாகவே அனுப்புகிறேன். அவளைத் திரும்ப அனுப்பு. நான் லீவு போட்டு வருகிறேன். அவள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியருக்கும் இன்றே எழுதுகிறேன். எனக்காக நீ நின்றாய். அது ஒருத்தியோடு போதாதா?

தங்கை

*

டிசம்பர் 20

சித்திக்கு,

இது முழுக்க நான். அம்மா பக்கத்தில் இல்லை. ஷிப்டில் இருக்கிறாள். நீங்கள் சுகமா? குளிர் அதிகமாமே. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா என்னை நிறுத்தவில்லை. நானே நின்றேன். விரல் மடங்காமல் அம்மாவால் காலர் தைக்க முடியவில்லை. மெஷினிலிருந்து எடுத்துப் பிசிறு வெட்டும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கட்டுக் கட்டாகச் சட்டை வரும், நூல் பிசிறு வெட்டிக் கட்டு முடித்தால்தான் கூலி. அம்மாவால் பாதிகூட முடியாது. "கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வா, உன் டோக்கன்லயே போட்டுக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். என் வயதுக்கு எனக்குத் தனி டோக்கன் தரமாட்டார்கள். அதனால் அங்கே நான் கிடையாது, அம்மாதான் இரண்டு ஆள் வேலை செய்கிறாள். முதலில் சனி, ஞாயிறு போனேன். அப்புறம் கணக்கு வகுப்பு இருக்கிற நாளில் போனேன். எப்படியும் அங்கே ஆளில்லையே. அப்புறம் போகாத நாள் இல்லாமல் போய்விட்டது. அப்பா இதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் சாப்பிடும்போது எழுந்து வெளியே போய்விடுகிறார்.

நீங்கள் காசு அனுப்பினால் அம்மா வாங்க மாட்டாள். வாங்கினாலும் நான் திரும்பப் போக மாட்டேன். வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன் சித்தி. டியூஷன் போகிற பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். அவர்கள் பேசுகிற கணக்கு எங்களுக்குக் காதில் விழும், புரியாது. பரீட்சை எல்லாருக்கும் ஒன்றுதானாம், சமமாம். நான் மக்கு இல்லை. ஆனால் அங்கே தினமும் மக்காக இருந்தேன். இங்கே என் கை வேகம் என்கிறார்கள்.

கணக்கு டீச்சர் செப்டம்பரில் ஒருநாள் வந்தார். எங்களைப் பார்த்து அழுதார். மாற்றல் வந்துவிட்டதாம், பையை எடுத்துக்கொண்டு போனார். அவரும் யாருக்கோ சித்தியாகத்தான் இருப்பார்.

நீங்கள் லீவு போட்டு வராதீர்கள். வந்தால் உங்கள் நாலு சுவருக்கும் ஆள் கிடையாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 'தூக்கிவிட்டது பள்ளிக்கூடமா, அக்காவா' என்று கேட்டது அம்மா இல்லை. அம்மா அப்படியெல்லாம் கேட்க மாட்டாள். அது என் சொந்தச் சரக்கு. நீங்கள் யோசித்து எழுதுகிறேன் என்றீர்கள். காத்திருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாயாடி

*

ஜனவரி 28

அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை உண்மையை எழுது. எனக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சரியில்லை.

வாயாடியின் கடிதத்துக்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். பள்ளிக்கூடம்தான் என்று எழுதினால் நீ காணாமல் போய்விடுகிறாய். நீதான் என்று எழுதினால், காலையில் எழுந்து நான் என்னத்துக்கு இந்த மேட்டில் ஏறி இறங்குகிறேன்? விடுமுறைக்கு வரலாம் என்றிருந்தேன். அப்போதும் கணக்கெடுப்பு மிச்சத்தை முடிக்கச் சொல்லிவிட்டார்கள். வாயாடியின் தலைமை ஆசிரியர் பதில் போட்டிருக்கிறார். நீண்ட நாள் வராததால் பெயரை எடுத்துவிட்டார்களாம். அடுத்த வருடம் தனியாகப் பரீட்சை எழுதலாமாம். மிகவும் வருந்துகிறேன் என்று அவர் கையாலேயே கீழே எழுதியிருக்கிறார். அவரைத் திட்டவும் முடியவில்லை.

நேற்றுக் காலை கேள்விக்காரி வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் கால் பழகிவிட்டது. அவள் அம்மா குவாரிக்குக் கிளம்பி வாசலில் நின்றாள். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவளே கேட்டாள்.

"உங்க வீட்ல பிள்ளைங்க இருக்கா டீச்சர்?"

"எனக்கு இல்ல. அக்கா பொண்ணு இருக்கா."

"என்ன பண்ணுது?"

"பத்தாவது படிக்கிறா" என்றேன்.

"நம்ம மாதிரி காசில்லாத பள்ளிக்கூடமா? இல்ல, காசு கட்டிப் படிக்கிறதா?"

"காசில்லாததுதான்."

"உங்க அக்கா என்ன வேலை?"

"தையல் கம்பெனி."

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பத்தான் பார்த்தாள் அக்கா, சந்தேகப்பட்டு இல்லை. பிறகு உள்ளே போய் மகளின் முகத்தைக் கழுவிவிட்டாள். பாப்பாவை அவள் இடுப்பிலிருந்து வாங்கித் தன் முதுகில் கட்டிக்கொண்டாள். "தையல்காரம்மா பொண்ணே பத்தாவது வந்துடுச்சாம். நீயும் போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றாள். வெயிலில், கல் உடைக்கிற இடத்துக்கு, முதுகில் பிள்ளையோடு போனாள். நான் தடுக்கவில்லை.

வழியெல்லாம் கேள்விக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூட வாசலில் கேட்டாள், "அந்த அக்கா பாஸாயிடுவாங்களா டீச்சர்?"

ஆகிடுவா என்றேன்.

இன்றும் வந்துவிட்டாள். எட்டாவது சுவரைப் பார்த்து உட்கார்ந்து, விட்டுப்போன பாடத்தை எல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை வாயாடியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே அக்கா. எவ்வளவு நேரம் ஆனாலும் நீயே எழுத்துக்கூட்டிப் படி.

உன் தங்கை